கண் மூடியிருந்த படம்

பட்டாசுக் கம்பெனி வாசலில் போன்களை வாங்கி வைப்பது என் வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வேனை விட்டு இறங்கும் பெண்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். நான் ஒவ்வொருத்தியின் இடுப்பையும் கொசுவத்தையும் தடவிப் பார்ப்பேன். தீப்பெட்டி, ஊக்கு, ஹேர்பின், கொலுசு ஒன்றும் உள்ளே போகக் கூடாது. போனை என் கண் முன்னால் அணைத்துத் தருவார்கள். அதை மரப்பெட்டியில் வைத்துவிட்டு, நம்பர் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் கொடுப்பேன். சாயங்காலம் அட்டையை வாங்கிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுப்பேன். முன்பு பல வருஷம் நானும் உள்ளே உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டியவள்தான். முட்டி மடங்காமல் போனதும் வாசலில் உட்கார வைத்தார்கள்.

எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெண்களைச் சோதிக்கும்போதுகூட முகத்தைப் பார்க்க மாட்டேன், தோளைப் பார்த்துக்கொண்டே சோதிப்பேன். படிப்பும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இதை எழுதவே பல நாள் ஆனது. ஒரு கொடுமையில் என் கையும் இருந்தது, அது கொடுமை என்று தெரியாமலே இருந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வேனில் என் பக்கத்து இடம் ஒருத்திக்கு. முப்பது வயது ஆகியிருக்காது. பேக்கிங்கில் வேலை. புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் அம்மாவும் இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகளும். விடியும் முன்னே எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு ஆக்கி, பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு ஓடிவருவாள். வேன் நகர்ந்ததுமே என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். எனக்கு முட்டி வலி என்பதால் டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கும் முதல் சீட்டில் எங்களை உட்கார விடுவார்கள். திருத்தங்கல் ரயில்வே கேட்டில் வேன் நிற்கும்போதுகூட அவள் விழிக்க மாட்டாள். நான் தோளை அசைக்காமல் வருவேன். அதிகம் பேசாதவளுக்கு அப்படி ஒரு ஆள் சாய்ந்துகொண்டு வருவது பெரிய துணை.

டிரைவர் நல்ல வாய்க்காரர். ஏறும்போதே ஒவ்வொருத்தருக்கும் ஒரு கேலி வைத்திருப்பார். "ஆத்தா, இன்னைக்கு எத்தன வார்த்தை பேசுனீக? ரெண்டா, மூணா?" என்று என்னைக் கேட்பார். வேன் முழுக்கச் சிரிக்கும். வேன் வராத நாளில் சொல்வதற்கென்று வாட்ஸப்பில் ஒரு குரூப் வைத்து எங்கள் எல்லோரையும் அதில் சேர்த்தவரும் அவர்தான். எங்கள் நம்பர் எல்லாம் அவரிடம் போனது அப்படித்தான்.

ஒருநாள் அவள் என் காதோடு சொன்னாள்.

"பெரியம்மா, இந்த ஆளு எனக்குத் தனியா மெசேஜ் போடுதாரு. சாப்பிட்டியா, தூங்கிட்டியா, தனியாத்தான இருக்கேங்காரு. வேண்டாம்ணேன்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கல. பிளாக் பண்ணிட்டேன்."

முன்சீட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். அவர் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நாளும் இந்த வேன்லதானே தாயி வரணும். பார்த்துப் பதமா நடந்துக்கோ" என்றேன்.

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டியது அதுவல்ல என்று இப்போது தெரிகிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில் போன். தெரியாத நம்பரிலிருந்து கூப்பிடுவதும் எடுத்தால் பேசாமல் இருப்பதும். சாயங்காலம் பெட்டியிலிருந்து போனை எடுத்துக் கொடுப்பேன். அவள் அதை உயிர்ப்பித்த உடனே கையிலேயே அதிரும். டிங் டிங் என்று வரிசையாக வந்து விழும். அவள் முகம் வெளுத்துப்போகும். போகப் போக அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனை வாங்கவே யோசித்துக்கொண்டு நிற்பாள்.

"பெரியம்மா, இது இன்னைக்கு ஒங்க பெட்டியிலேயே கெடக்கட்டுமா?"

"அப்பிடியெல்லாம் வைக்கக் கூடாது தாயி. மானேசரு ஏசுவாரு."

யாரோடோ சண்டை போட்டிருக்கிறாள், அதனால்தான் எடுக்கப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். கையில் திணித்து அனுப்பிவிட்டேன்.

அடுத்து குரூப்பில் ஒரு படம் வந்தது. யார் போட்டது என்று பார்த்தால் பெயரில்லாத புது நம்பர். எப்படி உள்ளே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. முகம் அவளுடையது, உடம்பு கழுதை. முதுகில் பட்டாசுப் பெட்டிகள். அடியில் 'லோடு ஏத்த ஆள் தேவை' என்று எழுதியிருந்தது. எல்லோரும் சிரிக்கிற மஞ்சள் முகத்தைப் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். எல்லோரும் போடும்போது நான் மட்டும் போடாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்க வாசிக்கக்கூட இல்லை.

மறுநாள் வேனில் ஒரே கூத்து.

"ஏளா, ஒன் கழுதைப் படம் எங்க மாமியா வரைக்கும் போயிருச்சு. யாருடி இந்த அழகின்னு கேக்கா!"

"வெளையாட்டுக்குத்தான போட்டுருக்காக, அதுக்கு ஏன் மொகத்தத் தூக்கி வச்சிருக்கே?"

அவளும் சிரித்தாள். உதடு மட்டும் சிரித்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று என் தோளில் சாயவில்லை.

அதற்கும் பிறகு வந்ததுதான் கொடியது. அவள் பெயரிலும் அவள் முகத்தோடும் யாரோ நெட்டில் ஒரு கணக்கு ஆரம்பித்து, 'பேச ஆசையா, கூப்பிடுங்க' என்று அவள் நம்பரையும் போட்டுவிட்டார்கள். எங்கெங்கோ இருக்கிற ஆம்பிளைகள் கூப்பிட ஆரம்பித்தார்கள். அது அவள் மாமியார் கண்ணிலும் பட்டுவிட்டது. மகன் விட்டுப்போன நாளிலிருந்து எட்டிப் பார்க்காதவர்கள் அன்று போன் போட்டார்கள்.

"இந்த மாதிரி ஒருத்திகிட்ட எங்க புள்ள வளர வேண்டாம். வந்து கூட்டிட்டுப் போறோம்."

"அது நான் இல்லன்னு சொன்னேன் பெரியம்மா. படத்துல இருக்கிறது ஒன் மொகந்தானேங்காக. எப்பிடி இல்லன்னு காட்டுவேன்? எம்புள்ளையக் கொண்டுபோயிட்டா நான் எதுக்கு இருக்கணும்?"

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முட்டி வீங்கி அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணி இருக்கும். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு யாரும் என்ன என்று கேட்க மாட்டோம். எந்தத் திசை என்றுதான் கேட்போம். தெருவில் எல்லோரும் வெளியே வந்து வானத்தைப் பார்த்தார்கள். "தெக்கதான் கேட்டுச்சு", "இல்ல, சாத்தூர் ரோட்டுப் பக்கம்" என்றார்கள். எங்கள் கம்பெனி சாத்தூர் ரோட்டில்தான் இருக்கிறது.

அப்போது என் போனில் டிங் என்றது.

தெரியாத நம்பர். படம். சுற்றிலும் கறுப்புக் கோடு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் அவள். கண் மூடியிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அடியில் அவள் பெயர். அதற்கும் அடியில் நீளமாக எழுதியிருந்ததில் 'வெடி விபத்தில்' என்கிற வரை எழுத்துக் கூட்டினேன். அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் நம்பருக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. பக்கத்தில் வேலை செய்கிறவளுக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. இன்னொருத்திக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. அவளோடு எல்லோருமே போய்விட்டார்கள் என்று நினைத்தேன். நாள் தவறாமல் அந்தப் போன்களை அணைக்கச் சொல்லி வாங்கி வைக்கிறவளே நான்தான். வேலை நேரத்தில் ஒருத்திகூடப் போனை எடுக்க மாட்டாள் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. சத்தம் கேட்டது, படம் வந்தது, போன் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்தால் நான்காவதாக ஒன்றும் கேட்க மாட்டோம். ஆபீஸ் நம்பரும் என்னிடம் இல்லை. அந்த வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது எதற்கு என்று வாங்கி வைக்கவில்லை.

அம்மாக்காரிக்குச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. விபத்து என்றால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சொந்தம் என்று யாராவது போய் நின்றால்தான் அடையாளம் காட்ட முடியும். நேரம் போனால் அதுவும் முடியாது. அவள் அம்மாவிடம் பட்டன் போன்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டில் கடை வைத்திருக்கும் பெண்ணின் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். ஒரு ரிங் போனதும் துண்டித்துவிட்டேன். 'ஒங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு செத்துப்போச்சு' என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? வாய் திறந்து நல்ல சேதி சொல்லவே எனக்கு நாக்கு ஒட்டும். அதனால் அந்தப் படத்தை அனுப்பினேன். படம் சொல்லிக்கொள்ளட்டும் என்று அனுப்பினேன். அம்பு போட்ட இடத்தில் அமுக்கியது நன்றாக நினைவிருக்கிறது.

அந்தச் சத்தம் கல் குவாரியில் வைத்த வேட்டு என்று மதியத்துக்கு மேல் தெரிந்தது. கம்பெனியில் ஒன்றும் ஆகவில்லை. அவள் பேக்கிங் அறையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அதற்குள் கடைக்காரப் பெண் படத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் இல்லாத நாள். பிள்ளையும் எட்டிப் பார்த்துவிட்டது. அந்த அம்மாள் செருப்பு போடாமல் பேத்தியை இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். கொட்டியிருந்த ஜல்லியில் இடறி விழுந்து இடது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. அந்தக் கையோடு ஆட்டோவில் ஏறிக் கம்பெனி வாசலுக்குப் போய் மண்ணில் விழுந்து கதறியிருக்கிறாள். உள்ளேயிருந்து மகளைக் கூட்டிவந்து நிறுத்தினார்களாம். அந்த அம்மாள் எழுந்து, நல்லாயிருந்த கையால் மகளை அடி அடியென்று அடித்தாளாம். பிள்ளை மட்டும் கிட்டே வரவில்லையாம். காவலாளி காலைக் கட்டிக்கொண்டு நின்றதாம்.

"நீங்க செத்துப்போயிட்டீகள்ல" என்று கேட்டதாம்.

இதெல்லாம் மறுநாள் வேனில் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. அவள் வரவில்லை. பக்கத்து இடம் காலியாக இருந்தது.

"எந்தப் படுபாவி செஞ்ச வேலையோ, வெளங்குவானா?"

"கடைக்காரிக்கு யாரு மொதல்ல அனுப்புனா?"

"எனக்கு வரவே இல்லம்மா."

"எனக்கு வந்துச்சு. போலீசு கீலீசுன்னு பேச்சு வரவும் அழிச்சுட்டேன்."

"கடைக்காரியும் போன மொத்தமா தொடச்சுட்டாளாம். பயந்து போய் வகுத்தால போகுதாம் அவளுக்கு."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"ஆத்தா, ஒங்க போனு எப்பிடி? நல்லா ஓடுதா? வேண்டாதத எல்லாம் உள்ள வச்சிருந்தா கெட்டுப்போயிரும். அழிச்சுப் போட்ருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதை அழிக்கத்தான் போனேன். பொய் சொல்லவில்லை, அழிக்கத்தான் எடுத்தேன். எப்படி அழிப்பது என்று தெரியாமல் எதையோ அமுக்க, படம் பெரிதாக விரிந்துவிட்டது. முதல் தடவை பார்க்காததை அப்போது பார்த்தேன். அவள் கன்னத்துக்குக் கீழே, கறுப்புக் கோட்டை ஒட்டி, விரல் அகலத்துக்கு நீலக் கட்டம் போட்ட துணி. அதில் பச்சை நிறத்தில் ஓர் ஒட்டு.

கொடியில் தொங்கிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தேன். வேலைக்குப் போகும்போது சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொள்வோம். என்னுடையது என் வீட்டுக்காரர் விட்டுப்போன சட்டை. தோள் கிழிந்ததற்கு நானே பச்சைத் துணி வைத்துத் தைத்தேன்.

அது செத்த முகம் இல்லை. என் தோளில் தூங்கிய முகம். வேனில் எடுத்திருக்கிறார்கள், நேர் எதிரிலிருந்து எடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் டிரைவர் சீட்டைத் தவிர வேறு சீட்டே கிடையாது.

இப்போதும் அவரை 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை. அவ்வளவு பயம்.

நான் அழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மூன்று நாள் அந்த வேனிலேயே போய்வந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் அதே நம்பரிலிருந்து இன்னொரு படம் வந்தது. கறுப்புக் கோடு, குத்துவிளக்கு, நடுவில் நான். கம்பெனி வாசலில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'விரைவில்' என்று மட்டும் இருந்தது. அந்த ஒரு வார்த்தையை வாசிக்க எனக்கு எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

போனைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தேன். திருப்பூரில் இருக்கும் மகன் கூப்பிட்டால் எடுக்க வேண்டுமே என்று வெளியே எடுத்தேன். டிங் என்றால் என்ன செய்வது என்று மறுபடி உள்ளே வைத்தேன். அடுப்புப் பற்றவைக்கவில்லை. தெருவில் யாராவது செருமினாலும் உடம்பு தூக்கிப்போட்டது. நான் கிழவி. பேரும் பேச்சும் இல்லாதவள். எனக்கே இப்படி என்றால், இத்தனை நாளும் சாயங்காலம் சாயங்காலம் என் கையிலிருந்து அந்தப் போனை வாங்கிக்கொண்டு போனாளே, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒங்க பெட்டியிலேயே கிடக்கட்டுமா என்று கேட்டாளே.

மறுநாள் காலையில் அவளே என் வீட்டுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. விருதுநகருக்குப் போய் சைபர் கிரைம் போலீசில் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அந்தப் படம் இருக்கான்னு கேக்காக பெரியம்மா. எந்த நம்பர்ல இருந்து வந்துச்சோ, வந்தது வந்தபடி போன்ல இருக்கணுமாம். வேன்ல வர்ற எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். எல்லாரும் அழிச்சுட்டாக. ஞாயித்துக்கெழம எம்புள்ளையக் கூட்டிட்டுப் போக மாமியா வீட்டு ஆளு வருது. ஒங்களுக்கு வந்துச்சா?"

என் பதில் தாமதமானதும் அவள் எழுந்துவிட்டாள்.

"பயமாத்தான் இருக்கும். பரவாயில்ல."

அவள் செருப்பை மாட்டுவதற்குள் நான் அரிசிப் பானையில் கைவிட்டுப் போனை எடுத்தேன். கொடியிலிருந்து சட்டையையும் உருவி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன்.

"இருக்கு. வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

பஸ்ஸில் அவள் ஏதேதோ கேட்டாள். எனக்கு வந்ததையும், சட்டை ஒட்டையும், 'விரைவில்' என்று வந்ததையும் சொன்னேன். கடைக்காரிக்கு நான் அனுப்பியதை மட்டும் சொல்லவில்லை. பாதி வழி தாண்டியும் சொல்லவில்லை. விருதுநகரில் இறங்கியும் சொல்லவில்லை.

அங்கே பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். என் மகள் வயது இருக்கும். மேஜைமேல் போனை வைத்தேன்.

"ஏன் பாட்டி அணைச்சு வச்சிருக்கீங்க?"

பழக்கத்தில் அணைத்துத்தான் கொடுத்திருக்கிறேன். உயிர்ப்பித்துக் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார். நம்பரை எழுதிக்கொண்டார். நான் சட்டையை விரித்து, ஒட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"இந்தத் தோள் என்னுது."

அவர் சட்டையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எந்தச் சீட், யார் எதிரில் என்று கேட்டார். சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க பாட்டி என்றார்.

அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். வேண்டாம் என்ற பிறகும் வந்த மெசேஜ், பேசாத போன், கழுதைப் படம், அவள் பெயரில் வந்த கணக்கு. அதிகாரி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே வந்தார்.

"கழுதைப் படம் வெளையாட்டுன்னு சொன்னாக மேடம். அதையும் எழுதணுமா?" என்று அவள் கேட்டாள்.

"சிரிச்சது யாரு? நீங்களா, மத்தவங்களா?"

"மத்தவுகதான்."

"அப்ப அது வெளையாட்டு இல்ல. உங்களுக்கு நோகும்னு தெரிஞ்சு, நீங்க வேணாம்ன பிறகும் விடாம செஞ்சது எல்லாமே இதுல வரும். மிரட்டணும்னுகூட இல்ல. உங்க பேர்ல இன்னொருத்தர் பேசினாலும், உங்க படத்த எடுத்து ஒட்டினாலும், உங்க நம்பர ஊருக்குக் குடுத்தாலும், செத்துட்டீங்கன்னு பொய்ய கெளப்பினாலும் எல்லாம் இதுதான். கையால தொடாம செய்ற அடி."

பிறகு என் போனில் எதையோ தள்ளிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"பாட்டி, இத நீங்க யாருக்காவது அனுப்பினீங்களா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மேஜைமேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது, முட்டி விடாது.

"கடைக்காரிக்கு நாந்தான் அனுப்புனேன்" என்றேன். "நெசம்னு நெனச்சு அனுப்புனேன். வாயால சொல்ல முடியல. அந்தக் கழுதைப் படத்துக்கும் நான் சிரிச்சுப் போட்டேன்."



"என்னையும் பிடிப்பீகளா?" என்று கேட்டேன்.

அதிகாரி பேனாவை மூடினார். "உங்களையும் அவனையும் ஒண்ணா வைக்க மாட்டேன் பாட்டி. நீங்க நம்பிட்டீங்க. ஆனா ஒண்ணு. அவனுக்குத் தனியா இத செய்ய முடியாது. சிரிக்க ஆள் வேணும், அனுப்ப ஆள் வேணும். அந்த ஆள் நீங்கதான்."

போனைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எனக்கு முன்னால் படியிறங்கிப் போய்விட்டாள்.

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள். இறங்கும்போதுதான் பேசினாள்.

"எங்கம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்."

போய்ச் சொன்னேன். கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். நான் சொல்லி முடிக்கும்வரை கீரையை உருவிக்கொண்டே இருந்தாள்.

"நீ போன்ல சொல்லியிருந்தா, நேர்ல பார்த்தியா அக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேன்" என்றாள். "படத்துகிட்ட என்னத்தக் கேக்க?"

அதற்கு மேல் ஏசவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பிள்ளை மூலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னோடு வந்தவள் அலுப்போடு பாயில் சாய்ந்து கண்ணை மூடினாள். உடனே பிள்ளை ஓடிப்போய் அவள் இமையை விரலால் தூக்கியது.

"கண்ணத் தொறங்கம்மா."

"முழிச்சுத்தான்த்தா இருக்கேன்."

"தொறந்துக்கிட்டே இருங்க."

நாலைந்து நாளாக இப்படித்தான், தூங்கவே விடுவதில்லை என்றாள் பாட்டிக்காரி. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டு ஆள் வந்தது. அந்தக் கணக்கு அவளுடையது அல்ல என்று சொல்ல, புகார் கொடுத்ததற்கான சீட்டு கையில் இருந்தது. நானும் போய் நின்றேன். 'எனக்குத் தெரியும், படம் எடுத்த எடத்துல நான் இருந்தேன்' என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வந்தவர் சீட்டை இரண்டு தடவை வாசித்தார். தீபாவளி கழியட்டும், பார்க்கலாம் என்று போய்விட்டார். பிள்ளை இப்போதைக்கு அம்மாவிடம்தான் இருக்கிறது. தீபாவளி கழிந்தால் என்ன ஆகும் என்று தெரியாது.

டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் வைத்திருந்த இன்னொரு சிம்கார்டு கிடைத்தது என்றார்கள். கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்துவிட்டார். கேஸ் நடக்கிறது. சில காலைகளில் வேன் திரும்புகிற முக்கில் டீக்கடையில் நிற்பார். கேலி ஒன்றும் பேசுவதில்லை. வேனைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்த முக்கு வரும்போது வேனுக்குள் யாரும் பேச மாட்டோம். என் போன் திரும்பி வந்துவிட்டது. டிங் என்றால் இன்னும் உடம்பு தூக்கிப்போடுகிறது. குரூப்பில் யாராவது யாரையாவது கேலிப் படம் போட்டால் நான் சிரிப்பதில்லை. இதைப் போட வேண்டாம் என்று ஒருநாள் எழுத்துக் கூட்டி எழுதினேன். யாரும் பதில் போடவில்லை. இரண்டு பேர் குரூப்பை விட்டு வெளியே போனார்கள்.

அவள் வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் கடைசி சீட்டில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒரு காலையில், ஒன்றும் சொல்லாமல், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தூங்கவில்லை. முதுகை நிமிர்த்தி, கண்ணை அகல விரித்துக்கொண்டு வந்தாள். வீட்டிலும் தூக்கம் இல்லை, வேனிலும் தூக்கம் இல்லை. நான் தோளைத் தட்டிக் காட்டினேன். வேண்டாம் பெரியம்மா என்றாள்.

நேற்று திருத்தங்கல் கேட் அடைத்திருந்தது. ரயில் வர நேரமானது. வெயில் ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது. அவள் தலை ஒருமுறை ஆடியது, திடுக்கிட்டு நிமிர்ந்தது, மறுபடி ஆடியது. பிறகு மெதுவாக வந்து பச்சை ஒட்டின்மேல் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

நான் முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். புது டிரைவரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. கேட் திறக்கும்வரை அந்தக் கைகளை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.